இந்தியாவிலேயே ரெண்டாவது

தர்மபுரி மாவட்டத்தின் மேல் ரெண்டாவது அண்ணனைப் போல உயிரை வைத்திருந்த மனிதர் இந்தப் பூமியில் இன்னொருவர் கிடையாது. அதைப் பற்றி அவரைப் போலப் பொய் சொன்னவரும் கிடையாது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்வார்.

‘ரெண்டாவது அண்ணன்’ என்றதும் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் மூத்தவர் எங்கே இருக்கிறார் என்று விசாரிப்பார்கள். மூத்தவர் கிடையாது. அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. வெளியூர் ஆளிடம் எதைக் காட்டினாலும் ‘இது இந்தியாவுலயே ரெண்டாவதுங்க’ என்பார், அதனால் வந்த பெயர். காரிமங்கலம் சந்தை இந்தியாவிலேயே ரெண்டாவது பெரிய சந்தை. மொரப்பூர் ஸ்டேஷனில் அடிப்பது இந்தியாவிலேயே ரெண்டாவது சுத்தமான காற்று. பென்னாகரம் போகிற வழியில் ஒரு புளியமரம் இருக்கிறது. அதன் நிழல் இந்தியாவிலேயே ரெண்டாவது குளிர்ச்சியான நிழல்.

“நிழலை யாருண்ணா அளந்தாங்க?” என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

“அளக்க வந்தவங்க இங்கதான் படுத்துத் தூங்குனாங்க சாரு. எழுப்பி அனுப்புனதே நானு.”

ஏன் எதையுமே முதலாவது என்று சொல்வதில்லை என்றும் கேட்டிருக்கிறேன். “மொதல்னு சொன்னா எவனாச்சும் சண்டைக்கு வருவான். ரெண்டாவதுன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான்” என்றார். ‘அப்ப மொதல் எங்க இருக்கு’ என்று விடாப்பிடியாகக் கேட்பவர்களுக்கும் பதில் வைத்திருந்தார். முகவாயால் கிருஷ்ணகிரிப் பக்கம் காட்டி, “அது வடக்க” என்பார். இத்தனைக்கும் அவர் கிருஷ்ணகிரிக்கே போனதில்லை. மாவட்ட எல்லைக் கல்லைத் தாண்டினால் மூச்சு முட்டும் என்பது அவர் கட்சி.

அவர் மனைவி கடைத்தெருவில் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் ஹார்டுவேர் கடை நடத்தினார். கடையில் அண்ணனை உட்கார வைத்தால், தாழ்ப்பாள் வாங்க வந்தவரைத் தீர்த்தமலைக்கு அழைத்துக்கொண்டு போய்விடுகிறார் என்பதால் அந்தம்மா அவரைக் கடைப் பக்கமே சேர்ப்பதில்லை. அவரிடம் ஒரு பழைய பச்சை வேன் இருந்தது. எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் வாசலில் அந்த வேன் நிற்கும். காசு வாங்க மாட்டார். வாங்கினாலாவது வேண்டாம் என்று சொல்லித் தப்பிக்கலாம்.

என் மச்சினன் சென்னையிலிருந்து ஒரு காதுகுத்துக்கு வந்திருந்தான். “சும்மா ஒரு ரவுண்டுங்க, காபி ஆறறதுக்குள்ள வந்துடலாம்” என்று கூட்டிப் போனார். மச்சினன் பொழுது சாயும்போது திரும்பினான். கையில் ஒரு மூட்டை கேழ்வரகு மாவு, இரண்டு மாங்கன்று, கால் கட்டிய ஒரு சேவல், வீங்கிய கணுக்கால். காது குத்தப்பட்ட குழந்தைகூட அன்று அவ்வளவு அழவில்லை. இன்னொரு முறை, பேருந்து நிலையத்துக்கு வழி கேட்ட ஒரு மருந்துக் கம்பெனி ஆள் மறுநாள் வத்தல்மலையில் மிளகுக்கொடியைக் கட்டிப்பிடித்தபடி நிற்கும் போட்டோவைத் தெருவே பார்த்தது. முகத்தில் ஆள் கடத்தப்பட்டவரின் அமைதி.

இவ்வளவு காட்டுகிறவர் ஒகேனக்கல்லை மட்டும் காட்ட மாட்டார். “தண்ணி கர்நாடகாவுது, பாறை மட்டுந்தான் நம்முது. அடுத்தவன் வூட்டுச் சொத்தை நம்ம பெருமைன்னு எப்படிங்க காட்டறது?” என்பார்.

இப்போது என் பயத்துக்கு வருகிறேன்.

என் மகள் நித்யா பெங்களூரில் வேலை பார்த்தாள். கூட வேலை பார்த்த சந்தீப்பைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையன் கன்னடக்காரன். தங்கமானவன். அவன் அப்பாவும் தங்கமானவர், போனில் ஐந்து நிமிடம் பேசினால் மூன்று நிமிடம் சிரிப்பார். சிக்கல் அவன் அம்மா. பெண்ணைப் பார்த்தார், பிடித்திருக்கிறது என்றார். ஜாதகம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: “ஊரைப் பார்க்கணும். பார்த்துட்டுத்தான் பதில் சொல்லுவேன்.”

நகை கேட்டிருந்தால்கூடக் கடன் வாங்கியிருப்பேன். ஊரை எங்கே போய் வாங்குவது? ‘தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று தமிழ்நாட்டு மேலதிகாரிகள் மிரட்டுவார்களே, அந்தக் காட்டில்தான் எங்கள் வீடு. வந்து சேர்ந்த அதிகாரிகளுக்கு வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தே எனக்குப் பாதி வயது போய்விட்டது.

ஆகவே நான் திட்டம் போட்டேன். சம்பந்தியம்மா (அந்தப் பட்டம் அப்போது இன்னும் உறுதியாகவில்லை) காரில் வருவார். வந்ததும் நேராக ஒகேனக்கல். பரிசல் சவாரி. அருவிச் சாரல். சுடச்சுட மீன். காவிரியைத் தவிர வேறு எதையும் பார்க்கவிடாமல் இருட்டும் நேரத்தில் பெங்களூருக்கு ஏற்றிவிடுவது. வெள்ளை நிறத்தில் ஒரு வாடகைக் கார் சொன்னேன். சோபாவுக்குப் புது உறை போட்டேன்.

ஒரே ஆபத்து, தெருமுனையில் நின்ற பச்சை வேன்.

முந்தின நாள் நானே அண்ணனைத் தேடிப் போனேன். “அண்ணா, நாளைக்குக் காலையில மொரப்பூர் ஸ்டேஷன்ல எனக்கு வேண்டியவங்க இறங்குறாங்க. நீங்கதான் கூட்டிட்டுப் போய் நாலு எடம் காட்டணும்.”

அவர் கண்கள் கலங்கிவிட்டன. தெருவில் யாரும் அவரை அதுவரை தேடிப் போய்க் கேட்டதில்லை.

“யாருங்க சாரு அவங்க?”

பொய் சொல்லும்போது பக்கத்தில் கிடக்கிற உண்மையைத்தான் நாக்கு எடுக்கிறது. “பெங்களூர்ப் பக்கம். புருஷன் பொஞ்சாதி. கொஞ்சம் வயசானவங்க” என்றேன். வராதவர்களைத் தேடிக் கிடைக்காமல் சீக்கிரமே திரும்பிவிடுவாரோ என்று ஒரு பயம் வந்தது. அதற்கும் ஒரு பூட்டுப் போட்டேன். “ரொம்பக் கூச்ச சுபாவம்ணா. ‘நாங்க இல்லை, நாங்க வரலை’ன்னுதான் சொல்லுவாங்க. நீங்க விட்டுடாதீங்க. பொழுது போறவரைக்கும் தேடுங்க.”

“விடுவனுங்களா?” என்றார்.

அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

விடிந்தது. பேப்பரைப் பிரித்தேன். ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து அதிகரிப்பு, அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை. எங்கள் மாவட்டத்தில் இது தினசரிக் காலண்டர் மாதிரி. காய்ந்தால் தண்ணீர் இல்லை, நனைந்தால் அனுமதி இல்லை. ‘சரி, தூர நின்றாவது காவிரியைக் காட்டுவோம்’ என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கையில் போன் வந்தது. சந்தீப்.

“அங்கிள், கார் ஸ்டார்ட் ஆகலை. அப்பா அம்மா ட்ரெயின்ல வர்றாங்க. நீங்க அலையக் கூடாதுன்னு அம்மா சொல்ல வேணாம்னாங்க. இறங்கி ஆட்டோ புடிச்சுக்குவாங்க.”

“எங்க இறங்குறாங்க, தம்பி?”

“மொரப்பூர். இந்நேரம் இறங்கியிருப்பாங்களே.”

நான் புது உறை போட்ட சோபாவில் உட்கார்ந்தேன். நித்யா தலை வாரிக்கொண்டே வந்து நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் பதறி நான் பார்த்ததில்லை. அவள் பங்கையும் நானே பதறிவிடுவேன்.

“என்னப்பா?”

சொன்னேன்.

“கூச்ச சுபாவம்னு வேற சொன்னீங்களா?” என்றாள்.

“சொன்னேன்.”

“இல்லைன்னாலும் விடாதீங்கன்னு?”

“அதையுந்தான்.”

“சூப்பர்ப்பா” என்று சொல்லிவிட்டுச் சடையைப் பின்னத் தொடங்கினாள்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டார். ஊர் காட்டும்போது போன் எடுப்பது விருந்தாளிக்கு மரியாதை இல்லை என்று அதை வண்டி டிக்கியில் போட்டுப் பூட்டிவிடுவார். சந்தீப்பின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் போட்டேன். இரண்டும் தொடர்பு எல்லைக்கு வெளியே. கையில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டேன், நான், என் மனைவி, நித்யா மூவரும் வெள்ளைக் காரில் கிளம்பினோம்.

மொரப்பூர் ஸ்டேஷன் எதிரே டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன்.

“ஆமாங்க, ஒரு பெரியவரு, ஒரு அம்மா. ‘நாங்க ஆட்டோவுல போயிக்கறோம்’னுதாங்க சொன்னாங்க. நம்ம ரெண்டாவது அண்ணன், ‘எல்லாம் சாரு சொல்லிட்டாரு, கூச்சப்படாதீங்க’ன்னு பொட்டியைத் தூக்கி வண்டியில வெச்சுட்டாரு. பொட்டி பின்னாலயே அவங்களும் போனாங்க.”

“அந்தம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?”

“ஒண்ணும் பேசலீங்க. உங்க பேரைச் சொல்லி, ‘அவருதான் அனுப்பிச்சாரா’ன்னு மட்டும் கேட்டாங்க. அண்ணன் ஆமான்னாரு. அந்தம்மா பார்த்த பார்வை இருக்குதே…” என்று அவர் வாக்கியத்தை முடிக்காமல் டீயை ஆற்றத் தொடங்கினார். நீளமாக ஆற்றினார்.

அண்ணன் யாரையும் முதலில் கூட்டிப் போவது தீர்த்தமலைக்குத்தான். அரூர் வழியாக அங்கே விட்டோம். வழியெல்லாம் என் வாய் தமிழிலும் இங்கிலீஷிலும் மன்னிப்புக் கேட்டுப் பழகியது. கன்னடத்தில் எப்படிக் கேட்பது என்று நித்யாவிடம் கேட்டேன். “உங்க மூஞ்சியே போதும்ப்பா” என்றாள்.

மலையடிவாரத்தில் தேங்காய்ப்பழக் கடை போட்டிருந்த அம்மா எங்களைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். “ரெண்டாவது அண்ணனைத் தேடுறீங்களா? யாராச்சும் ஒருத்தர் இப்படி வந்துட்டேதான் இருக்கீங்க. அவங்க மேல ஏறி எறங்கியே போயிட்டாங்களே.”

“ஏறினாங்களா? அந்தம்மாவுக்கு முழங்கால் வலியாச்சே!” என்றாள் என் மனைவி.

“நின்னு நின்னு ஏறுனாங்க. பாறையில இருந்து கொட்டற தீர்த்தத்துல நின்னுட்டு, வரவே மாட்டேன்னுட்டாங்களாம். தலையில இருந்து கால் வரைக்கும் ஈரம். என் துண்டைத்தான் குடுத்தேன்.”

“சிரிச்ச மாதிரி இருந்தாங்களா, கோவமா இருந்தாங்களா?”

“தண்ணி வழியற மூஞ்சியில என்னத்தைங்க பாக்கறது?”

அடுத்து எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்று காரிமங்கலம் சந்தை.

போகிற வழியில் பச்சையாக எந்த வண்டி தெரிந்தாலும் இறங்கிப் பார்த்தேன். எத்தனை இடத்தில் காரை நிறுத்தினோம் என்பது குடும்ப ரகசியம். வண்டி நிற்கும்போதெல்லாம் என் மனைவி, “ஏங்க, ஒரு பொண்ணு வாழ்க்கைங்க” என்று நினைவூட்டினாள். நான் மறந்துபோய் மூச்சு விட்டுவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தாள்.

சந்தையின் ஓரத்தில் பச்சை வேன் நின்றது. அதன் படியில் சந்தீப்பின் அப்பா, தோளில் தேங்காய்க் கடைத் துண்டோடு, இலையில் களியும் கீரைக் குழம்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சாப்பிட்ட கையாலேயே கும்பிட்டார். “முத்தே! எங்க ஊர் முத்தே!” என்று களிக்குக் கன்னடப் பெயர் சொல்லிக் காட்டிச் சிரித்தார். அவரை விடுங்கள், அவர் எதற்கும் சிரிப்பார். அந்தம்மாவைத் தேடினேன்.

அந்தம்மா புளிக்கடையில் இருந்தார். சாக்கின் மேல் சப்பணம் போட்டு, ஈரத் தலையை அள்ளி முடிந்துகொண்டு. கடைக்காரம்மா தெலுங்கு கலந்து பேச, இவர் கன்னடம் கலந்து பேச, நடுவில் ரெண்டாவது அண்ணன் தமிழில் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இந்தியாவுலயே ரெண்டாவது புளிப்புங்க இது. நாக்குல வெச்சா ஒரு வாரம் நிக்கும்.” ஒரு பெரிய புளி உருண்டையை எடுத்து அந்தம்மாவின் இரண்டு கையிலும் வைத்தார்.

என் மனைவி என் முழங்கையைப் பிடித்துவிட்டாள். “அய்யோ, சம்பந்தம் பேச வந்தவங்க கையில போயிப் புளியைக் குடுக்கறாரே! உறவே புளிச்சுப் போயிடாதா?”

நான் ஓடினேன். இரண்டு மொழி மன்னிப்பும் ஒன்றோடொன்று மோதி, ‘சாரிச்சுடுங்க’ என்று வெளியே வந்தது. அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன், சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தேன்.

“நீங்கதானே இவரை அனுப்பினது?” என்று கேட்டார்.

ஆமாம் என்றால் கடத்தல். இல்லை என்றால் துரோகம். பாதி வாயால் “ஆமாம்” என்றேன்.

“சாரு சொன்ன மாதிரியேதாங்க இருந்தாங்க. ஒரே கூச்சம்! நான் விடலையே!” என்றார் அண்ணன் பெருமையாக.

அந்தம்மா அவரை விட்டு என்னிடம் திரும்பினார். “எனக்குத் தமிழ் நல்லா அர்த்தம் ஆகும். காலையிலிருந்து இவர் எல்லாத்தையும் ரெண்டாவது, ரெண்டாவதுன்னு சொல்றார். காத்து ரெண்டாவது. மலை ரெண்டாவது. தண்ணி ரெண்டாவது. மொதல் எங்கேன்னு கேட்டா வடக்கேங்கறார். நான் காசி வரைக்கும் போயிருக்கேன். அங்கே இந்த மாதிரி புளி இல்லை.”

கடைக்காரம்மா தராசைக் கீழே வைத்துவிட்டார்.

“இன்னொண்ணு கேக்கறேன், நிஜம் சொல்லணும்” என்றார் அந்தம்மா, இப்போது அண்ணனிடம். “உங்க ஊர்ல எதுவுமே மொதல் இல்லையா? எதுக்காக என் பையனை இந்த ஊர்ல கொடுக்கணும்?”

ரெண்டாவது அண்ணனை அன்றைக்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. முகவாய் வழக்கம்போலக் கிருஷ்ணகிரிப் பக்கம் எழுந்தது. பாதியில் நின்றது. யாரைக் கூட்டி வந்திருக்கிறோம் என்பது அவருக்கு அந்த நொடியில்தான் உறைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். என் சட்டையைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார்.

பின்னால், வெள்ளைக் காரைவிட்டு இறங்கி நித்யா வந்துகொண்டிருந்தாள். செருப்பு வார் அறுந்துவிட்டது போலிருக்கிறது. அதைக் கையில் பிடித்தபடி, தக்காளிக் கூடைகளுக்கு நடுவில், யாரையும் இடிக்காமல், அவசரமே இல்லாமல் வந்தாள்.

“இருக்குதுங்க” என்றார் அண்ணன். “அதோ வருது பாருங்க. எங்க தெருப் பொண்ணு. இந்தியாவுலயே மொதலு.”

சந்தையில் யாரும் பேசாமல் இருந்தார்கள் என்று எழுத ஆசைதான். சந்தையில் அதெல்லாம் நடக்காது. பக்கத்தில் ஒருவர் ‘கத்திரிக்கா, கத்திரிக்கா’ என்று கத்திக்கொண்டுதான் இருந்தார். ஆனால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நித்யா வந்து நின்று, “நல்லாயிருக்கீங்களா ஆன்ட்டி? கால் வலிக்குதா?” என்றாள்.

அந்தம்மா அவளை ஒரு முறை பார்த்தார். செருப்பைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த புளி உருண்டையை அவள் கையில் திணித்தார். “இதை வண்டியில வை. இனிமே எங்க வீட்டுப் புளி இங்கேர்ந்துதான். வருஷா வருஷம் நீதான் வாங்கிட்டு வரணும். எனக்கு முழங்கால் வலி.”

எனக்குப் புரியவில்லை. படியில் உட்கார்ந்திருந்த சந்தீப்பின் அப்பா களியை விழுங்கிவிட்டு எனக்காகச் சொன்னார்: “அதுக்கு ‘சரி’ன்னு அர்த்தம் சார். இவ்வளவு சீக்கிரம் எனக்கே சொன்னது இல்லை.” என் மனைவி அந்த இடத்திலேயே தனக்கும் ஒரு புளி உருண்டை வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது சம்பந்திகள் (பட்டம் உறுதியாகிவிட்டது) வெள்ளைக் காரில் ஏற மறுத்துவிட்டார்கள். எல்லோரும் பச்சை வேனில் வந்தோம், வெள்ளைக் கார் பின்னால் காலியாக வந்தது. நான் முன்னால் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரோட்டைப் பார்த்து ஓட்டியபடியே அவர் குரலைத் தாழ்த்தினார்.

“சாரு… மொரப்பூருக்கு நெசமா யாரையாச்சும் வரச் சொல்லியிருந்தீங்களா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு புளியமரத்தைக் கவனித்தேன்.

“சரி வுடுங்க” என்றார். “ஆனா இந்தியாவுலயே ரெண்டாவது பெரிய பொய்யிங்க அது.”

முதலாவது யாருடையது என்று நான் கேட்கவில்லை. முன்சீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் அது தெரியும்.

கல்யாணம் தர்மபுரியில்தான் நடந்தது. முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸைக் காணவில்லை. ‘காபி ஆறறதுக்குள்ள வந்துடலாம்’ என்று யார் கூட்டிப் போயிருப்பார்கள் என்று நாங்கள் விசாரிக்கக்கூட இல்லை. நாதஸ்வரக்காரர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் எப்படியோ தப்பித்து வந்திருந்ததால் தாலி நேரத்துக்கு ஏறியது. சொந்தக்காரர்கள் பந்திக்கு வந்தார்கள், எல்லோர் தலையும் ஈரமாக.

போன வருஷம் அண்ணனையும் அவர் மனைவியையும் மகன் புனேவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கடையை விற்றாயிற்று. வேனை விற்க மனம் வராமல் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லைக் கல்லைத் தாண்டும்போது மூச்சு முட்டியதா என்று போனில் கேட்டேன். “தூங்கிட்டனுங்க, கவனிக்கல” என்றார். புனே எப்படி என்று கேட்டேன். “எல்லாம் பெருசு பெருசா இருக்குதுங்க சாரு. காட்டறதுக்குத்தான் ஆளு இல்ல.”

இப்போது எங்கள் தெருவுக்கு விருந்தாளிகள் வந்தால் நான்தான் சாவியை எடுக்கிறேன். தீர்த்தமலை, சந்தை, புளியமரம் எல்லாம் காட்டுகிறேன். முடிந்தவரை பொய்யும் சொல்கிறேன். நன்றாகக் காட்டினீர்கள் என்று அவர்கள் பாராட்டினால், இந்தத் தெருவில் காட்டுகிறவர்களில் நான் ரெண்டாவதுதான் என்று சொல்லிவிடுவேன்.

மொதல் யாரென்று சிலர் கேட்பார்கள். முகவாயால் கிருஷ்ணகிரிப் பக்கம் காட்டுவேன். அது வடக்க.